மெயின்ஃப்ரேம் லினக்ஸ் கெஸ்டில் நெட்வொர்க் வரவில்லையா? கீழிருந்து மேலே தேடும் வழி

கெஸ்ட், அதாவது மெயின்ஃப்ரேமில் ஓடும் மெய்நிகர் லினக்ஸ் சர்வர், பூட் ஆகிவிட்டது. 3270 கன்சோலில் (மெயின்ஃப்ரேமின் டெர்மினல் திரை) லாகின் கேட்கிறது. உள்ளே போய் கேட்வேயைப் பிங் செய்தால் பதிலே இல்லை. சாதாரண சர்வரில் பழகிய கை உடனே ஐபி முகவரியைத் திறந்து பார்க்கும், சப்நெட் மாஸ்க்கைச் சரிபார்க்கும், நெட்வொர்க் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யும், கடைசியில் கெஸ்டையே ரீபூட் செய்யும். எதுவும் பலிக்காமல் அரைநாள் போயிருக்கும்.

இசட்/விஎம்மின் (மெயின்ஃப்ரேமில் பல கெஸ்ட்களை ஓட்டும் மென்பொருள்) கீழ் ஓடும் லினக்ஸில் ஐபி கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். கார்டே இல்லாமல் இருக்கலாம். கார்டு இருந்தும் கேபிள் செருகாமல் இருக்கலாம். கேபிள் செருகியும் ஸ்விட்ச் வெளியுலகத்தோடு பேசாமல் இருக்கலாம். இங்கே அந்தக் கார்டு, கேபிள், ஸ்விட்ச் மூன்றையும் சிபி என்கிற கண்ட்ரோல் புரோகிராம்தான் உருவாக்கிக் காட்டுகிறது. லினக்ஸுக்குள் உட்கார்ந்துகொண்டு எவ்வளவு நோண்டினாலும் அவற்றின் நிலை முழுதாகத் தெரியாது. ஆகவே சிபியில் தொடங்குவோம்.

பாதை இதுதான். கெஸ்டின் டைரக்டரிப் பதிவில் (கெஸ்டுக்கு என்னென்ன சாதனம் என்று இசட்/விஎம் வைத்திருக்கும் குறிப்பு) நிக்டெஃப் என்று ஒரு வரி இருக்கும். கெஸ்ட் லாகான் ஆகும்போது சிபி அதைப் படித்து ஒரு மெய்நிகர் நிக் (நெட்வொர்க் கார்டு) உருவாக்கும். அந்த நிக் விஸ்விட்சில், அதாவது மெய்நிகர் ஸ்விட்சில், இணையும். விஸ்விட்ச், ஓஎஸ்ஏ என்கிற மெயின்ஃப்ரேமின் நிஜ நெட்வொர்க் கார்டு வழியாக வெளியே உள்ள நிஜ ஸ்விட்சின் போர்ட்டைத் தொடும். மறுபக்கம் லினக்ஸுக்குள், அந்த நிக் மூன்று சப்சேனல்களாக, அதாவது ரீட், ரைட், டேட்டா என்று மூன்று சாதன எண்களாக, தெரியும். கியூஈத் டிரைவர் மூன்றையும் ஒரு குழுவாகக் கட்டி இன்டர்ஃபேஸ் ஆக்கும். அதன்மேல்தான் ஐபி உட்காரும்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே உதாரணம்: கெஸ்ட் லினக்ஸ்01, நிக் 0600, விஸ்விட்ச் விஎஸ்டபிள்யூ1, ஓஎஸ்ஏ 1400, அதற்கு மாற்றாக 1500. கட்டளைகளை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில், கெஸ்ட் ஓடுகிறதா?

கேலியாகக் கேட்கவில்லை. 3270 திரையின் வலது கீழ் மூலையைப் பாருங்கள். 'ரன்னிங்' என்று இருந்தால் சரி. 'சிபி ரீட்' என்று இருந்தால் கெஸ்ட் உறைந்து நிற்கிறது. யாரோ கன்சோலில் மறுபடி லாகான் செய்திருப்பார்கள். செட் ரன் ஆன் கொடுத்திராத கெஸ்ட், அந்த நேரத்தில் சிபி ரீடில் போய் நின்றுவிடும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு 'நெட்வொர்க் போய்விட்டது' என்றுதான் தோன்றும். பிகின் என்று தட்டினால் உயிர் வந்துவிடும். வேலை முடிந்து வெளியேறும்போது டிஸ்க் (டிஸ்கனெக்ட்) கொடுங்கள். லாகாஃப் கொடுத்தால் கெஸ்டின் மின்சாரத்தையே பிடுங்கியதாகிவிடும்.

நிக் இருக்கிறதா, இணைந்திருக்கிறதா?

லினக்ஸ் கன்சோலிலிருந்தே சிபியைக் கேட்கலாம். ரூட்டாக இருந்தால் விஎம்சிபி கருவி போதும்:

விஎம்சிபி கொயரி நிக் 600 டீடெயில்ஸ்

இந்த ஒரு கட்டளையின் விடையை நிதானமாகப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

அப்படி ஒரு நிக் இல்லை என்று வந்தால் டைரக்டரியில் நிக்டெஃப் வரி இல்லை, அல்லது வரியைச் சேர்த்த பிறகு கெஸ்ட் இன்னும் லாகாஃப் ஆகவில்லை. பலரும் சறுக்குவது இரண்டாவதில். லினக்ஸை ரீபூட் செய்தால் டைரக்டரி மறுபடி படிக்கப்படாது. லாகாஃப் செய்து, திரும்ப லாகான் செய்தால்தான் புது வரி அமலுக்கு வரும். நிக்டெஃப் வரி ஏறக்குறைய இப்படி இருக்க வேண்டும்:

நிக்டெஃப் 0600 டைப் கியூடிஐஓ லேன் சிஸ்டம் விஎஸ்டபிள்யூ1

நிக் இருந்தால், விடையின் முதல் வரிகளில் மேக் முகவரியும் (கார்டின் வன்பொருள் முகவரி) எந்த விஸ்விட்சில் இணைந்திருக்கிறது என்பதும் வரும். லேன் என்ற இடத்தில் 'நன்' (எதுவுமில்லை) என்று இருந்தால் கேபிள் செருகப்படவில்லை. அப்போது கையால் இணைத்துப் பாருங்கள்:

விஎம்சிபி கப்புள் 600 டு சிஸ்டம் விஎஸ்டபிள்யூ1

விஸ்விட்சில் சேர அனுமதி இல்லை என்று சிபி மறுத்தால் விஷயம் விளங்கிவிட்டது: விஸ்விட்சின் அனுமதிப் பட்டியலில் இந்தக் கெஸ்ட் இல்லை. வகுப்பு பி அதிகாரம் உள்ள பயனர் 'செட் விஸ்விட்ச் விஎஸ்டபிள்யூ1 கிராண்ட் லினக்ஸ்01' என்று கொடுக்க வேண்டும். ராக்எஃப் போன்ற பாதுகாப்பு மென்பொருள் இருக்கும் இடத்தில் இது மட்டும் போதாமல் போகலாம். விஎம்லேன் வகுப்பில் சிஸ்டம்.விஎஸ்டபிள்யூ1 என்ற புரொஃபைலுக்கு இந்தக் கெஸ்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாதுகாப்புக் குழுவிடம் கேளுங்கள். கிராண்ட் கொடுத்தும் இணையவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

அதே விடையில் கீழே இன்னொரு வரி: கனெக்ஷன் நேம் ஹலோலே, ஸ்டேட் செஷன் எஸ்டாப்ளிஷ்டு. முதன்முறை பார்க்கும்போது ஏதோ வைரஸ் என்று பயந்தவர்கள் உண்டு. லினக்ஸின் கியூஈத் டிரைவர், கார்டோடு பேச்சைத் தொடங்கும்போது எப்சிடிக் (மெயின்ஃப்ரேமின் எழுத்துக் குறியீடு) எழுத்துகளில் அனுப்பும் பெயர் அது. எழுதிய ஜெர்மன்காரர்களின் ஊர்ப்பக்க 'வணக்கம்'. நமக்கு அது நல்ல சகுனம்: இந்த வரி இருந்தால் லினக்ஸ் டிரைவர் கார்டைத் திறந்துவிட்டது. இல்லாவிட்டால் கோளாறு லினக்ஸ் பக்கத்தில், ஐபிக்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறது.

கடைசியாக எண்ணிக்கைகள். ஆர்எக்ஸ், டிஎக்ஸ் என்று வந்தது, போனது இரண்டும் தனித்தனியாக இருக்கும். பிங்கை ஓடவிட்டு, கட்டளையைப் பத்து விநாடி இடைவெளியில் இரண்டு முறை கொடுங்கள். டிஎக்ஸ் ஏறாமல் அப்படியே இருந்தால் பாக்கெட் லினக்ஸை விட்டே கிளம்பவில்லை. டிஎக்ஸ் ஏறி, ஆர்எக்ஸ் அசையாமல் இருந்தால் நம் கெஸ்ட் கத்துகிறது, பதில் வரவில்லை. டிஸ்கார்டட் எண் ஏறினால் எனக்கு முதலில் விலான் (ஒரே ஸ்விட்சைப் பல தனி நெட்வொர்க்காகப் பிரிக்கும் ஏற்பாடு) மேல்தான் சந்தேகம் வரும்.

பிரச்சினையை இரண்டாக வெட்டும் ஒரு சோதனை

டிஎக்ஸ் ஏறுகிறது, ஆர்எக்ஸ் இல்லை என்றால், அதே விஸ்விட்சில் அதே சப்நெட்டில் இருக்கும் இன்னொரு கெஸ்டைப் பிங் செய்யுங்கள். இந்தப் போக்குவரத்து ஓஎஸ்ஏ வரை போகாது. விஸ்விட்சுக்குள்ளேயே முடிந்துவிடும். பக்கத்துக் கெஸ்ட் பதில் சொல்லி, கேட்வே சொல்லவில்லை என்றால் லினக்ஸைத் தொடாதீர்கள், குற்றவாளி ஓஎஸ்ஏவோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. பக்கத்துக் கெஸ்டே பதில் சொல்லவில்லை என்றால் வெளி ஸ்விட்ச்காரர்களை எழுப்ப வேண்டாம்.

விஸ்விட்சும் ஓஎஸ்ஏவும்

கொயரி விஸ்விட்ச் விஎஸ்டபிள்யூ1 டீடெயில்ஸ்

ஸ்டேட் 'ரெடி' என்று இருக்க வேண்டும். கீழே 1400க்கு எதிரே 'ஆக்டிவ்' என்றும், 1500க்கு எதிரே 'பேக்அப்' என்றும் இருந்தால் மனது நிம்மதி. கண்ட்ரோலர் இல்லை என்று வந்தால் டிடிசிவிஎஸ்டபிள்யூ1, டிடிசிவிஎஸ்டபிள்யூ2 ஆகிய சர்வீஸ் மெஷின்கள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். தரவு இவை வழியாகப் போவதில்லை. ஓஎஸ்ஏவைத் தொடங்கி வைப்பதும் பராமரிப்பதும் இவற்றின் வேலை. இரண்டையும் யாராவது லாகாஃப் செய்து வைத்திருந்தால் விஸ்விட்ச் வெளியுலகத்தோடு இணையாது. துண்டிக்கப்பட்டதாகக் காட்டினால், ஆபரேட்டர் எப்போதோ பராமரிப்புக்காகத் துண்டித்துவிட்டு மறந்திருக்கலாம். 'செட் விஸ்விட்ச் விஎஸ்டபிள்யூ1 கனெக்ட்' போதும்.

அடுத்து கொயரி ஓஎஸ்ஏ. ஆர்டெவ் (நிஜ சாதன எண்) என்று 1400 கொடுத்தால் விஸ்விட்சுக்கு 1400, 1401, 1402 மூன்றும் வேண்டும். மூன்றில் ஒன்றை வேறு யாராவது அட்டாச் செய்து வைத்திருந்தால் அதோடு சரி. ஆஃப்லைனில் இருந்தால் 'வேரி ஆன் 1400-1402'. சேனல் வகை ஓஎஸ்டி என்று இருக்க வேண்டும். ஓஎஸ்இ என்று இருந்தால் அது விஸ்விட்சுக்கு வேண்டிய கியூடிஐஓ முறை அல்ல. அதைச் சரிசெய்வது நம் கையில் இல்லை, ஹார்ட்வேர் கான்ஃபிகரேஷன் பார்ப்பவரிடம் போக வேண்டும்.

இப்போது லினக்ஸுக்குள்

எல்எஸ்சிஎஸ்எஸ் கொடுத்து 0.0.0600, 0.0.0601, 0.0.0602 மூன்றும் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சிபி நிக் இருக்கிறது என்கிறது, லினக்ஸ் எதுவும் தெரியாது என்கிறது என்றால் சிஐஓ_இக்னோர் பட்டியலைச் சந்தேகப்படுங்கள். சில நிறுவல்களில் கெர்னல் அளவுருவிலேயே கன்சோலைத் தவிர மற்ற எல்லாச் சாதனங்களையும் புறக்கணிக்கச் சொல்லியிருக்கும். புதிதாகச் சேர்த்த கார்டு அதில் மறைந்துவிடும். 'சிஐஓ_இக்னோர் -ஆர் 0.0.0600-0.0.0602' கொடுத்தால் வெளியே வரும்.

மூன்றும் தெரிகின்றன, ஆனால் இன்டர்ஃபேஸ் இல்லையா? இசட்நெட்கான்ஃப் -யூ, இன்னும் கட்டப்படாத குழுக்களைக் காட்டும். கட்டுவதற்கு நான் பயன்படுத்துவது சிஎச்இசட்டெவ்:

சிஎச்இசட்டெவ் -இ கியூஈத் 0.0.0600:0.0.0601:0.0.0602 லேயர்2=1

இது இப்போதைக்கும் அமலாகும், அடுத்த பூட்டுக்கும் எழுதி வைக்கும். பிறகு எல்எஸ்கியூஈத் கொடுத்தால் ஆன்லைன் 1 என்று வர வேண்டும். பெயர் பெரும்பாலும் இஎன்சி600. 0600 என்ற சாதன எண்ணிலிருந்துதான் இந்தப் பெயர் வருகிறது. குளோன் செய்த கெஸ்டுக்கு நிக்கை 0700இல் கொடுத்தால் இன்டர்ஃபேஸ் இஎன்சி700 ஆகிவிடும். பழைய கட்டமைப்புக் கோப்பு இஎன்சி600ஐத் தேடி ஏமாறும். டெம்ப்ளேட்டிலிருந்து கெஸ்ட் எடுக்கும் இடங்களில் சாதன எண்ணை எல்லாக் கெஸ்டுக்கும் ஒன்றாகவே வைத்துக்கொள்வது பெரிய தலைவலியைக் குறைக்கும்.

இசட்/விஎம் இல்லாமல் முழு எல்பாரில் (மெயின்ஃப்ரேமைப் பிரித்த ஒரு பகுதி) நிஜ ஓஎஸ்ஏவை நேரடியாகப் பயன்படுத்துகிறவர்கள் இரண்டு விஷயம் கூடுதலாகப் பார்க்க வேண்டும். ரீட் சாதன எண் இரட்டைப்படையாகவும், ரைட் அதற்கு அடுத்த எண்ணாகவும் இருக்க வேண்டும். ஒரே சேனலுக்கு இரண்டு போர்ட் உள்ள கார்டானால், போர்ட்நோ 0 என்றே இருந்து கேபிள் போர்ட் 1இல் செருகியிருக்கலாம்.

லேயர் 2 தகராறு

என்னைக் கேட்டால், எல்லாமே சரியாகத் தெரிந்தும் நெட்வொர்க் மட்டும் வராத கெஸ்ட்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். விஸ்விட்ச் இரண்டு விதமாக வரையறுக்கப்படும்: ஈதர்நெட் அல்லது ஐபி. ஈதர்நெட் என்றால் லேயர் 2. ஒவ்வொரு கெஸ்டுக்கும் தனி மேக், ஏஆர்பி (ஐபிக்கு உரிய மேக்கைக் கேட்டறிவது) எல்லாம் கெஸ்டே பார்த்துக்கொள்ளும். ஐபி என்றால் லேயர் 3. கெஸ்ட் தன் ஐபியை ஓஎஸ்ஏவிடம் பதிவு செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும், ஏஆர்பியைக் கார்டு பார்க்கும், வெளியே எல்லாக் கெஸ்ட்களும் கார்டின் ஒரே மேக் முகவரியில் தெரியும்.

விஸ்விட்ச் ஈதர்நெட்டாக இருந்து, கெஸ்டில் லேயர்2 மதிப்பு 0 ஆக இருந்தால் இருவரும் வேறு வேறு மொழியில் பேசுகிறார்கள். கொயரி விஸ்விட்ச் விடையில் வகை எழுதியிருக்கும். எல்எஸ்கியூஈத் விடையில் லேயர்2 என்ற வரி இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். புதிய கெர்னல்கள் விஸ்விட்சின் வகையைத் தாங்களே கேட்டறிந்துகொள்ளும். பழையவற்றில் கையால்தான் சொல்ல வேண்டும். கார்டு ஆன்லைனில் இருக்கும்போது இந்த மதிப்பை மாற்ற முடியாது. ஆஃப்லைனுக்குக் கொண்டுவந்து, மாற்றி, மறுபடி ஆன்லைன் ஆக்குங்கள். எஸ்எஸ்எச்சில் இருந்தபடி இதைச் செய்ய வேண்டாம், கன்சோலில் இருந்து செய்யுங்கள்.

லேயர் 3 கெஸ்டில் டிஎச்சிபி சண்டித்தனம் செய்தால் ஆச்சரியப்படாதீர்கள். மேக் முகவரியை நம்பி நடக்கும் எதுவும் அங்கே நொண்டும். புதிதாகக் கட்டுகிறவர்கள் ஈதர்நெட் என்றே கட்டிவிடுங்கள்.

விலான் குறியை யார் ஒட்டுவது?

விலான் குறியை ஒட்டக்கூடிய இடங்கள் மூன்று: கெஸ்ட், விஸ்விட்ச், வெளி ஸ்விட்ச். ஒட்டுவது ஒருவராக மட்டுமே இருக்க வேண்டும். விஸ்விட்ச் விலான் அறிந்த வகையாக இருந்து, கெஸ்டின் போர்ட் ஆக்ஸஸ் வகையானால் குறியை விஸ்விட்சே ஒட்டும். கெஸ்டும் இன்டர்ஃபேஸில் விலான் போட்டால் பாக்கெட் குப்பைக்குப் போகும். போர்ட் டிரங்க் வகையானால் கெஸ்ட் ஒட்ட வேண்டும், அந்த விலான் எண் கிராண்டிலும் இருக்க வேண்டும். விஸ்விட்ச் விலானைக் கண்டுகொள்ளாத வகையானால் சிபி எதையும் ஒட்டாது. எதுவானாலும் குறியோடு வெளியே போகும் பாக்கெட்டுக்கு, வெளி ஸ்விட்சில் ஓஎஸ்ஏ செருகியிருக்கும் போர்ட் டிரங்க்காக இருந்து அந்த விலானை அனுமதிக்க வேண்டும். 'கொயரி விஸ்விட்ச் விஎஸ்டபிள்யூ1 ஆக்ஸஸ்லிஸ்ட்' கொடுத்தால் ஒவ்வொரு கெஸ்டுக்கும் தரப்பட்ட போர்ட் வகையும் விலான் எண்ணும் வரும்.

மேக் முகவரி செய்யும் குறும்பு

லேயர் 2இல் கெஸ்டின் மேக் முகவரியைச் சிபி வழங்குகிறது. முதல் பாதி, சிஸ்டம் கான்ஃபிக் கோப்பில் உள்ள விஎம்லேன் மேக்பிரிஃபிக்ஸ் மதிப்பு. எதுவும் சொல்லாவிட்டால் 02-00-00. பின்பாதி வரிசை எண்.

ஒருமுறை இது என் இரண்டு நாட்களைத் தின்றது. ஒரு கெஸ்டுக்கு நெட்வொர்க் வரும், போகும். இருபது பிங் ஒழுங்காகப் பதில் சொல்லும், அடுத்த முப்பது காணாமல் போகும், பிறகு தானாகத் திரும்பும். கேபிளை மாற்றினார்கள், மாற்று ஓஎஸ்ஏவுக்குத் தாவினோம். ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் கேட்வேயின் ஏஆர்பி அட்டவணையை வாங்கிப் பார்த்தால் 192.168.10.21க்கும் 192.168.10.74க்கும் ஒரே மேக் முகவரி. இரண்டாவது, பக்கத்து எல்பாரில் புதிதாக எழுப்பிய இசட்/விஎம்மின் கெஸ்ட். முதல் அமைப்பை அப்படியே நகலெடுத்ததால் மேக்பிரிஃபிக்ஸும் கூடவே வந்துவிட்டது. யார் கடைசியாகப் பேசினாரோ அவர் பக்கம் வெளி ஸ்விட்ச் சாய்ந்துகொண்டிருந்தது. ஒரே லேனில் இரண்டு இசட்/விஎம் இருந்தால் பிரிஃபிக்ஸ் வேறு வேறாக இருக்க வேண்டும். கான்ஃபிக் கோப்பில் மாற்றினால் அடுத்த ஐபிஎல்லில், அதாவது இசட்/விஎம்மை மறுபடி பூட் செய்யும்போதுதான், அமலுக்கு வரும்.

இதன் உறவுக்காரப் பிரச்சினை: முதல் கெஸ்டுக்கு நெட்வொர்க் வரும், அடுத்தடுத்து எழுப்புகிறவற்றுக்கு வராது. வெளி ஸ்விட்சின் போர்ட்டில் ஒரு மேக்தான் அனுமதி என்று பாதுகாப்புக் கட்டுப்பாடு போட்டிருப்பார்கள். ஒரே கேபிளில் முப்பது சர்வர் இருக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதேபோல் கெஸ்டுக்குள் கன்டெய்னருக்காகப் பிரிட்ஜ் கட்டுகிறவர்கள் கவனிக்க: பதிவு செய்யாத மேக் முகவரிக்கு வரும் பாக்கெட்டைக் கார்டு கெஸ்டிடம் தராது. பிரிட்ஜுக்குப் பதிலாக ரூட்டிங் வைத்துக்கொள்வது சுலபம்.

ஐபி, அப்புறம் எம்டியூ

இவ்வளவும் சரியென்றால் இப்போது ஐபியைப் பாருங்கள். முகவரி, மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ், ஃபயர்வால். மற்ற எந்த லினக்ஸிலும் பார்ப்பதைப் போலத்தான், தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) அப்படியல்ல. அறிகுறி தெளிவானது: பிங் போகிறது, எஸ்எஸ்எச் தொடங்குகிறது, ஆனால் தொங்கி நிற்கிறது. எஸ்எஸ்எச்சை -வி போட்டு ஓட்டினால், சாவிப் பரிமாற்றத்தின் பதிலுக்காகக் காத்திருக்கும் வரியிலேயே நிற்கும். சின்னப் பாக்கெட் நுழைகிறது, பெரியது விழுகிறது என்று அர்த்தம். கெஸ்டில் 8992 வைத்துவிட்டு வழியில் ஒரு ஸ்விட்ச் 1500இல் நின்றால் இதுதான் நடக்கும். துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு பிங் செய்து பாருங்கள் (எம் மட்டும் பெரிய எழுத்து):

பிங் -எம் டூ -எஸ் 1472 192.168.10.1

1472 பைட் தரவு, 20 பைட் ஐபி தலைப்பு, 8 பைட் ஐசிஎம்பி தலைப்பு, மொத்தம் 1500. இது போய், 8964 போகாவிட்டால் பாதை பெரிய பாக்கெட்டைத் தாங்கவில்லை. பாதை முழுக்க ஜம்போ (1500ஐ விடப் பெரிய பாக்கெட்) இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாதவரை 1500ஐ விட்டு நகராதீர்கள்.

வந்த நெட்வொர்க் நிலைக்குமா?

கையால் கொடுத்த கப்புள் அடுத்த லாகாஃபில் மறையும். அது நிக்டெஃப் வரியில் இருக்க வேண்டும். செட் விஸ்விட்ச் கிராண்ட் அடுத்த இசட்/விஎம் ஐபிஎல்லில் மறையும். அதை சிஸ்டம் கான்ஃபிக் கோப்பில் 'மாடிஃபை விஸ்விட்ச்' வரியாக எழுத வேண்டும். மூன்று மாதம் ஒழுங்காக ஓடிய கெஸ்ட் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐபிஎல்லுக்குப் பிறகு ஊமையாகிவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது இதை. லினக்ஸில் சிஎச்இசட்டெவ்வை -ஏ போட்டு ஓட்டியிருந்தால் அது அந்த நேரத்துக்கு மட்டும். -பி போட்டு மறுபடி ஓட்டுங்கள்.

சோதித்துப் பார்க்க ரீபூட் போதாது. லினக்ஸை ஷட்டவுன் செய்து, கெஸ்டை லாகாஃப் செய்து, வேறொரு பயனரிலிருந்து 'எக்ஸ்ஆட்டோலாக் லினக்ஸ்01' கொடுங்கள். கன்சோலைத் தொடாமலேயே எஸ்எஸ்எச்சில் உள்ளே போக முடிந்தால் டிக்கெட்டை மூடலாம்.